தாளில் 15, கையில் தடுமாற்றம்: மூளை அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூளை, நரம்பியல் அறுவை மருத்துவர்களுக்கும், அறுவைக்குப் பிந்தைய இரவுகளில் வார்டைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு செவிலியர். மூளை அறுவை முடிந்து வருகிறவர்களைக் கவனிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நீங்கள் கடைசித் தையலைப் போட்டுக் கையுறையைக் கழற்றும் நேரத்தில் எங்கள் வேலை தொடங்குகிறது. மணிக்கொரு முறை எழுப்பி, பெயர் கேட்டு, கண்ணில் டார்ச் அடித்து, நாங்கள் எழுதி வைக்கும் தாளைத்தான் மறுநாள் காலை நீங்கள் புரட்டிப் பார்க்கிறீர்கள். அந்தத் தாளில் இடமில்லாத கையின் ஆட்டத்தையும் பேச்சின் குழறலையும் பற்றித்தான் இந்த மடல். நேரில் சொல்லியிருக்கிறேன், மீட்டிங்கில் சொல்லியிருக்கிறேன். தலையாட்டிவிட்டு எழுந்து போவதோடு முடிந்துவிட்டது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நாற்பதுகளில் இருந்த ஒருவர். வலப்பக்க மூளைத் தமனி ஒன்றில் சிறிய புடைப்பு, வெடிக்கவில்லை. வெடிப்பதற்கு முன்பே கிளிப் போட்டுப் புடைப்பை அடைத்துவிடலாம் என்று முடிவாகி அறுவை நடந்தது. நல்லபடியாகவும் முடிந்தது. மாலை ஆறு மணிக்கு எங்களிடம் வந்தார். கண் திறந்தார், பெயர் சொன்னார், அன்று என்ன கிழமை என்று சரியாகச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். இரண்டு கண் பாவையும் வெளிச்சத்துக்கு ஒரே அளவில் சுருங்கின. விழிப்பை அளக்கும் மதிப்பெண்ணாகத் தாளில் 15 என்று எழுதினேன். முழு மதிப்பெண். விடியும்வரை மணிக்கு மணி அதே 15.

காலையில் மனைவியை உள்ளே விட்டோம். கணவருக்கு வாய் வறண்டு கிடந்தது; கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். டம்ளரை அவரே வாங்கிக்கொண்டார். உதட்டுக்குப் போக வேண்டிய டம்ளர் கன்னத்தில் போய் இடித்தது. தண்ணீர் கழுத்தில் வழிந்தது. மறுபடி முயன்றார். வாயை நெருங்க நெருங்கக் கை இன்னும் அதிகமாக ஆடியது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சிஸ்டர், இவரு கை இப்படி ஆடாதுங்க."

மயக்க மருந்தின் அசதி, இரவெல்லாம் எழுப்பிக்கொண்டே இருந்தோம், சரியாகிவிடும் என்றேன். அந்தப் பதிலை அதற்கு முன் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. அன்று உண்மையாக இல்லை.

அன்றைக்கு ஆள் குறைவு என்பதால் இரவு டியூட்டி முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பத்து மணி வாக்கில் வாந்தி எடுத்தார். பிறகு பேச்சு குழறியது. சொல்வது புரிந்தது, ஆனால் நாக்கு தடித்தவர் பேசுவதுபோல் இருந்தது. பதினொன்றரைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் கண் திறந்தார். 15 என்பது 13 ஆனது. அப்போதுதான் போன் செய்தேன், அப்போதுதான் சி.டி. எடுத்தார்கள். டம்ளர் கன்னத்தில் இடித்ததற்கும் ஸ்கேனுக்கும் இடையில் ஐந்து மணி நேரம் ஓடிவிட்டது.

ஸ்கேன் அறையில் திரையைப் பார்த்த இளம் மருத்துவர் பெருமூச்சு விட்டார். "ஆபரேஷன் பண்ண இடம் க்ளீனா இருக்கு சிஸ்டர்" என்றார். எனக்கும் உயிர் வந்தது. படங்களை நகர்த்திக்கொண்டே கீழே போனவர் கை நின்றது. பின்னந்தலைக்குள், சிறுமூளையின் மேல் மடிப்புகளில், வெள்ளைக் கோடும் சாம்பல் கோடும் மாறி மாறி ஓடின. பென்சிலால் வரி போட்டதுபோல இருந்தது. கத்தி படாத இடம். அறுவை நடந்த இடத்துக்கும் அதற்கும் நடுவே கூடாரம்போல ஒரு சவ்வே தடுப்பாக இருக்கிறது. அங்கே ரத்தம்.

அந்த வரிகளுக்கு வரிக்குதிரை அடையாளம் என்று பெயர் உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் படித்திருப்பீர்கள். அறுவை நடந்த இடத்துக்குத் தொலைவில், சிறுமூளையில் வரும் ரத்தக்கசிவு. 1977-இல் யாசர்கிலும் யொனேகவாவும் மூளைக்கு மாற்று ரத்தப் பாதை அமைக்கும் அறுவைகளைப் பற்றி எழுதியபோது இது முதன்முதலாகப் பதிவானது. 1981-இல் கழுத்துத் தண்டுவட அறுவைக்குப் பிறகும் இது வரும் என்று எழுதப்பட்டது. அங்கே தலையைத் திறக்கக்கூட இல்லை. வலிப்புக்காகப் பொட்டுப்பகுதி மூளையை அகற்றும்போது, தமனிப் புடைப்புக்குக் கிளிப் போடும்போது, மண்டையோட்டில் துளையிட்டுப் பழைய ரத்தத்தை வெளியேற்றும்போது என்று பல அறுவைகளுக்குப் பின் பார்த்திருக்கிறார்கள். மூளை அறுவைகளில் 0.08 முதல் 0.6 விழுக்காடு வரை இது வருவதாகக் கணக்கு.

அபூர்வம்தான். ஆனால் யாருக்கு அபூர்வம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆண்டுக்கு 500 மூளை அறுவைகள் நடக்கும் பிரிவு என்று வைத்துக்கொண்டால், இரண்டரை ஆண்டுக்கு ஒன்று முதல் ஓராண்டுக்கு மூன்று வரை இது வரவேண்டும். ஒரு பிரிவில் ஐந்தாறு அறுவை மருத்துவர்கள் இருந்தால், ஒருவருக்குப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் தென்படும். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர் ஒன்றைக்கூடப் பார்க்காமலே படிப்பை முடித்துப் போகலாம். கட்டிலோரம் இருக்கும் நாங்கள் எல்லோருடைய நோயாளிகளையும் பார்க்கிறோம். உங்களுக்கு அபூர்வமானது எங்களுக்கு எப்படியும் ஒருநாள் வந்தே தீரும். ஆனால் அதை எப்படி அடையாளம் காண்பது என்று அந்த 19 ஆண்டுகளின் முதல் பாதியில் எனக்கு யாருமே சொல்லித்தரவில்லை.

இப்போது அந்த 15-க்கு வருகிறேன். அந்த எண்ணைத் தரும் கிளாஸ்கோ கோமா அளவுகோல் (ஜி.சி.எஸ்.) 1974-இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் தந்தது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய அளவுகோல்; அதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அது மூன்றே கேள்விகளைக் கேட்கிறது. கண் திறக்கிறாரா, பேச்சில் தெளிவு இருக்கிறதா, சொன்னபடி உடல் அசைகிறதா. குழறிப் பேசினாலும் இடம், நாள், பெயர் சரியாகச் சொன்னால் பேச்சுக்கு முழுதாக 5. ஆடி ஆடித் தூக்கினாலும், சொன்னதும் கையைத் தூக்கினால் அசைவுக்கு முழுதாக 6. அசைவையும் பேச்சையும் சீராக வைப்பது சிறுமூளை; அது செய்கிற வேலையை அந்த அளவுகோல் எங்குமே கேட்பதில்லை. விழிப்பை அளக்க வந்த கருவி அது, விழிப்பைத்தான் அளக்கிறது. சிறுமூளையில் ரத்தம் கசியும்போது பலருக்கு விழிப்பு கடைசியில்தான் குறைகிறது. முதலில் போவது கையின் குறி, நாக்கின் பிடி, உட்காரும்போது இருக்கும் நிலை. விழிப்பு குறையும் நேரத்தில் மூளை நீர் ஓடும் நாலாவது அறையின் வழி அடைபட்டு மூளைக்குள் நீர் கட்டத் தொடங்கியிருக்கும், அல்லது மூளைத்தண்டு நெருக்கப்பட்டிருக்கும். சிறுமூளை இருக்கும் பின்னந்தலைக் குழி எவ்வளவு சிறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள் போன் செய்தால் உங்களிடமிருந்து வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஜி.சி.எஸ். எவ்வளவு?" 15 என்றால் அடுத்த சொல் "பார்த்துக்கோங்க." இதை ஒரு மருத்துவரின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. பழக்கம் அப்படி. அந்த எண்ணைத் தாண்டி எதையும் கேட்கவோ சொல்லவோ நம் இருவருக்குமே பொதுவான வார்த்தை இல்லை. "கை ஒரு மாதிரி ஆடுது சார்" என்று ஓர் இளம் செவிலியர் நடுராத்திரியில் சொல்லிவிட்டு, மறுநாள் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் "ஆடுறதுன்னா என்ன, எழுதத் தெரியாதா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அதன்பிறகு வெகுகாலம் எண் குறையும்வரை போனைத் தொடவில்லை.

டிரெயின், அதாவது அறுவை செய்த இடத்தில் சேரும் ரத்தமும் நீரும் வெளியேற வைக்கும் வடிகுழாய் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனதில் அந்த இரவு திரும்பத் திரும்ப ஓடுவதற்கு டம்ளரைவிட இதுதான் காரணம். தோலுக்கடியில் வைத்த டிரெயினின் பாட்டில் உறிஞ்சும் நிலையில் இருந்தது. இரவு பத்து மணிக்கே நிரம்பியது, மாற்றினேன். மூன்று மணிக்கு மறுபடி மாற்றினேன். விடியும்போது மொத்தம் 400 மில்லி. எழுதினேன். ஒவ்வொரு மணிக்கும் ஒழுங்காக எழுதினேன். முதல் பாட்டிலில் இருந்தது அடர்ந்த சிவப்பு. இரண்டாவது பாட்டிலில் இருந்ததைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தபோது பின்னால் இருந்த என் விரல் தெரிந்தது. இளஞ்சிவப்பு, தண்ணீர்போல. அது வெறும் ரத்தம் இல்லை, மூளைத்தண்டுவட நீர் கலந்து இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் தாளில் இருந்தது அளவுக்கான கட்டம் மட்டும். நிறத்துக்குக் கட்டம் இல்லை. எவ்வளவுக்கு மேல் போனால் கூப்பிட வேண்டும் என்று ஆர்டரில் ஒரு வரியும் இல்லை.

ஒரு பெரியவரின் தலையிலும் முதுகுத்தண்டிலுமாக ஒரு நேரத்தில் இருக்கும் நீர் சுமார் 150 மில்லி. ஒரு முழு நாளில் உடல் புதிதாகச் சுரப்பது 500 மில்லியை ஒட்டி. ஒரே இரவில் அந்தப் பாட்டில்களில் எவ்வளவு நீர் போயிருக்கும் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மூளை அந்த நீரில் மிதக்கிறது. நீர் வற்றினால் சிறுமூளை கீழே தொய்கிறது; அதன் மேற்பரப்பிலிருந்து மேலே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபடுகின்றன, ரத்தம் வடிய வழியில்லாமல் தேங்குகிறது, கசிகிறது. பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம் இதுதான். தமனி வெடித்துப் பீறிடும் ரத்தம் இல்லை, சிரையில் தேங்கிக் கசிவது. அதனால்தான் மெதுவாக வருகிறது. அதனால்தான் கண்டுபிடிக்க நமக்கு நேரமும் கிடைக்கிறது. அந்த நேரத்தைத்தான் நான் "அசதி" என்று சொல்லி வீணாக்கினேன்.

அறுவை நடந்த இடத்திலேயே ரத்தம் கட்டுவதை நாம் எல்லோரும் எதிர்பார்த்துத்தான் இருக்கிறோம். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு அது வருகிறது. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் 2,305 நோயாளிகளில் 50 பேருக்கு அப்படி ரத்தம் கட்டி நிலை மோசமானது. அவர்களில் 44 பேர் முதல் ஆறு மணி நேரத்துக்குள் மோசமானவர்கள். அதனால் அந்த ஆறு மணி நேரத்தில் நாங்கள் கட்டிலை விட்டு நகர்வதில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் மீதி ஆறு பேருக்கு ஒரு நாள் கழித்தே வந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த நேரத்தில் நோயாளியைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருப்போம், ஒரு செவிலியருக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், மணிக்கொரு முறை என்பது நாலு மணிக்கொரு முறை ஆகியிருக்கும். தாமதமாக வருவதும், வேறிடத்தில் வருவதும் நம் கண்ணில் படாமல் போவது இப்படித்தான்.

தாமதமாக வரும் ரத்தத்தில் இன்னொரு வகை உண்டு. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவைக்கு முன், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள், தட்டணுக்களின் எண்ணிக்கை மூன்றும் சரி என்றால் "உறைதல் நார்மல்" என்று எழுதி அறுவை மேசைக்கு அனுப்புகிறோம். 13-ஆம் உறைதல் காரணி குறைவாக இருந்தால் அந்தச் சோதனைகளில் எதுவுமே காட்டாது. ரத்தம் உறையும், ஆனால் உறைந்ததை இழைகளாகப் பின்னி இறுக்கும் வேலையை அந்தக் காரணிதான் செய்கிறது. அது இல்லாவிட்டால் மேசையில் நின்ற ரத்தம் பல மணி நேரம் கழித்து மறுபடி திறந்துகொள்ளும். அந்தக் காரணி குறைந்தவர்களுக்கு மூளை அறுவைக்குப் பின் ரத்தம் கட்டும் ஆபத்து கூடுதல் என்று 2002-இல் ஓர் ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் அந்தச் சோதனையைச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேள்வியையாவது கேளுங்கள் என்கிறேன். "ரத்தம் நிற்காமல் போகும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்ததா என்று அம்மாவிடம் கேட்டால், பல் பிடுங்கியபோது வீட்டுக்குப் போய் மறுநாள் மறுபடி ரத்தம் வந்ததா என்று கேட்டால், மாதவிடாயில் எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரு பெண் செவிலியரை விட்டுக் கேட்கச் சொன்னால், பதில் மாறும். வலிக்கு என்ன மாத்திரை போடுகிறார் என்பதும் அப்படித்தான். "ஆஸ்பிரின் சாப்பிடறீங்களா?" என்றால் இல்லை என்பவர், "தலைவலிக்கு என்ன போடுவீங்க, அட்டையைக் காட்டுங்க" என்றால் எடுத்துக் காட்டுவார். ஆஸ்பிரின் தொட்ட தட்டணு அதன் ஆயுள் முடியும்வரை, அதாவது ஏழிலிருந்து பத்து நாள் வரை, வேலை செய்யாது. எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

அந்த மனிதரின் மனைவியிடம் மறுபடி வருகிறேன். நான் இந்த மடலை எழுதுவதே அவர் சொன்ன ஒரு வாக்கியத்தால்தான்.

அவர் கணவருக்கு டிரெயினை உடனே நிறுத்தினார்கள், சமமாகப் படுக்க வைத்தார்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தார்கள். நீர் கட்டத் தொடங்கியிருந்ததால் மூளை அறைக்குள் சிறு குழாய் ஒன்றும் வைக்க வேண்டியிருந்தது. பின்னந்தலையைத் திறக்கும் நிலை வரவில்லை. பலருக்கு அந்த அளவுகூடத் தேவைப்படாமல், கவனித்துப் பார்த்துக்கொண்டாலே சரியாகிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நூற்றில் பத்துப் பதினைந்து பேர் இதில் இறந்தும் போகிறார்கள். அவர் பிழைத்தார். பல மாதங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அறுவை செய்த மருத்துவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்தார். வேலை நடுவே நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறவர் அன்று உட்கார்ந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். இது பெரிய மூளை, இது கீழே இருக்கிற சின்ன மூளை, இரண்டும் தண்ணீரில் மிதக்கின்றன, தண்ணீர் அதிகமாக வெளியே போய்விட்டது, சின்ன மூளை கொஞ்சம் இறங்கிவிட்டது, மேலே இருந்த ரத்தக்குழாய் இழுபட்டுக் கசிந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ரத்தம் கசியலாம்னு கையெழுத்து வாங்கும்போதே சொன்னாங்க சார். அதனால ராத்திரி பூரா வெளியில இருந்து கண்ணாடி வழியா தலைக்கட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கட்டு சிவக்கவே இல்ல. அப்பாடான்னு இருந்தேன்."

அந்த மருத்துவர் பேனாவை மூடிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க விளக்கமா சொல்லியிருக்கணும்மா" என்றார். அப்படிச் சொல்ல எவ்வளவு மனம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர்மீது அன்று எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

ஆனால் அந்த அம்மா ராத்திரி முழுக்க விழித்திருந்தாரே. அத்தனை அக்கறையும், அத்தனை கவனமும், வெள்ளைத் துணியைப் பார்ப்பதில் போய்விட்டது. ஒப்புதல் படிவத்தில் "ரத்தக்கசிவு" என்ற ஒற்றைச் சொல்லை அவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று நாம் யாருமே யோசிக்கவில்லை. ரத்தம் கசிந்தால் வெளியே தெரியும் என்பதுதான் எந்த மனிதருக்கும் தெரிந்த உலகம். மண்டையோட்டுக்குள் கசிந்தால் அது கையிலும் நாக்கிலும் தூக்கத்திலும்தான் தெரியும் என்று சொல்ல வேண்டியவர்கள் நாம். அதைச் சொல்லியிருந்தால், கை ஆடுகிறது என்று அவர் சொன்னபோது என் "அசதி"யை ஏற்றுக்கொண்டு போயிருக்க மாட்டார். விடாமல் நின்றிருப்பார். விடாமல் நிற்க அவருக்கு ஒரு சொல்லாவது கொடுத்திருக்க வேண்டும்.

இதற்கு உங்களில் சிலர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ஆயிரத்தில் ஒருவருக்கோ ஐந்து பேருக்கோ வருவதை எல்லோரிடமும் சொன்னால் பயந்து அறுவையே வேண்டாம் என்று போய்விடுவார்கள் என்பீர்கள். அறுவை அறை வாசலில் நிற்பவர்களை 19 ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அவர்கள் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் நிற்கிறார்கள். என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதும், எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல" என்று பதில் வருவதும்தான் அந்தப் பயத்தை வளர்க்கிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் கைக்கு ஒரு வேலை கிடைத்ததுபோல் பலர் நிதானப்படுவதையே நான் கண்டிருக்கிறேன். எந்தச் சிக்கலையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்த வேண்டாம். "ஆபரேஷன் பண்ணாத இடத்திலும் அபூர்வமாக ரத்தம் கசியலாம். பேச்சு குழறினா, கை குறி தவறினா, நிக்காம வாந்தி வந்தா, எழுப்ப எழுப்பத் தூங்கினா உடனே சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க." இவ்வளவுதான். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

இன்னொரு மறுப்பும் வரும், அது நியாயமானது. அறுவைக்குப் பின் கை ஆடும் எல்லோருக்கும் சிறுமூளையில் ரத்தம் இருக்காது. வலிப்பு மருந்து அதிகமானாலே கை ஆடும், நடை தள்ளாடும். மயக்க மருந்தின் மிச்சம், உறக்கமின்மை, பயம் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சி.டி. எடுத்தால் ஸ்கேன் அறை தாங்காது, ஐ.சி.யு.விலிருந்து நோயாளியைக் கீழே கொண்டுபோய் வருவதே சில சமயம் ஆபத்து. உண்மை. அதனால்தான் நான் ஸ்கேன் கேட்கவில்லை. கட்டிலருகே வாருங்கள் என்று கேட்கிறேன். வந்து பார்த்துவிட்டு இது மருந்து என்று நீங்கள் முடிவெடுத்தால் அது மருத்துவ முடிவு. எண் 15 இருக்கிறது என்பதற்காக நான் எடுத்த முடிவு அப்படிப்பட்டதில்லை.

அறுவை அறையில் எவ்வளவு நீரை உறிஞ்ச வேண்டும், மூளைச் சவ்வை எப்படி மூட வேண்டும், மூடும் முன் உப்புநீரால் எப்படி நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்கள் துறை. அதில் நான் பேச மாட்டேன். ஆனால் டிரெயின் ஆர்டர் என் கைக்கு வருவது. அதில் "டிரெயின் போட்டிருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். உறிஞ்சும் நிலையிலா, சும்மா வடியும் நிலையிலா, எந்த உயரத்தில், ஒரு மணிக்கு எவ்வளவு தாண்டினால் மூடிவிட்டு உங்களை எழுப்ப வேண்டும், நிறம் நீர்த்துப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். மூடும் உரிமையை எங்களுக்குக் கொடுத்து எழுதுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு இரண்டாவது பாட்டிலை மாற்றும் செவிலியருக்கு அந்த ஒரு வரி உங்கள் குரல் மாதிரி.

நடந்தவற்றை எண்ணுவதும் வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் இறப்புகளை உட்கார்ந்து பேசுகிறோம்; பிழைத்தவர்களைப் பேசுவதில்லை. அந்த மனிதர் பிழைத்ததால் அவர் கதை எந்தக் கூட்டத்திலும் வரவில்லை. வந்திருந்தால் அந்த இரண்டு பாட்டில்களைப் பற்றி நான் எழுந்து சொல்லியிருப்பேன். யாரையாவது குற்றவாளியாக்க வேண்டும் என்பதற்காக இல்லை. அடுத்த மாதம் புதிதாகச் சேரும் மருத்துவரும் செவிலியரும் அந்த வரிவரியான படத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பிரிவில் சில செவிலியர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். அனுமதி யாரிடமும் கேட்கவில்லை; கேட்டால் படிவக் குழுவுக்குப் போய் ஓராண்டு ஆகும். 15 என்று எழுதிய பிறகு, என் விரலைத் தொடுங்கள், இப்போது உங்கள் மூக்கைத் தொடுங்கள் என்று நோயாளியிடம் சொல்கிறோம். இரண்டு கைக்கும் பார்க்கிறோம். நாக்கு புரளவேண்டிய நீளமான சொல் ஒன்றைச் சொல்லச் சொல்கிறோம். முடிந்ததும் அச்சடித்த தாளின் அடி ஓரத்தில், பேனாவால் கோடு போட்டு, "கை சரி, பேச்சு சரி" என்று எழுதுகிறோம். அல்லது சரியில்லை என்று எழுதுகிறோம். ஒருமுறைக்கு இருபது நொடி ஆகிறது. மயக்கத்தில் இருப்பவர்களுக்கும் குழாய் போட்டவர்களுக்கும் இது முடியாது, முடிந்தவர்களுக்குச் செய்கிறோம்.

அந்தக் கையெழுத்து வரி காலை ரவுண்ட்ஸில் யார் கண்ணிலும் படுவதில்லை. அச்சிட்ட கட்டங்களோடு பார்வை நின்றுவிடுகிறது. எனவே கேட்கிறேன்: அந்த இரண்டு கட்டங்களையும், டிரெயினின் நிறத்துக்கு ஒன்றையும் சேர்த்து, தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். ராத்திரி போனில் எண்ணைக் கேட்ட கையோடு, "கை எப்படி இருக்கு சிஸ்டர், பேச்சு எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள்.

மரியாதையுடன்,
மூளை அறுவை தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் ஒருவர்